பென் டிரைவில் ஆர்க்ளோன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2. ஒன்று நிரம்பியதும் இன்னொன்றைத் திறந்துவிட்டு, எந்த ஃபைல் எங்கே கிடக்கிறதென்று தேடுபவர்களுக்கு நாங்கள் சொல்வது ஆர்க்ளோன் (rclone). இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து கையாளும் இலவச மென்பொருள், இன்ஸ்டால் வேண்டாம், ஒரே எக்ஸ்இ ஃபைல், பென் டிரைவிலிருந்தே ஓடும். கட்டளைகளை அடித்துத்தான் வேலை வாங்க வேண்டும் என்றாலும் நாலைந்து தெரிந்தால் போதும்.

எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே 'ஆர்க்ளோன்.கான்ஃப்' (rclone.conf) என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைலை முதலில் வையுங்கள். இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. நோட்பேடில் சேமித்தால் பெயரின் வாலில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதைக் காட்டாது. பெயர் பொருந்தாததால், உங்கள் கணக்குகளின் சாவிகளை ஆர்க்ளோன் அந்தக் கம்ப்யூட்டரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் எழுதிவிடும். அது பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டராக இருந்தால் நினைத்துப் பாருங்கள். 'ஆர்க்ளோன் கான்ஃபிக் ஃபைல்' (rclone config file) என்று அடித்தால் எந்த ஃபைலை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். அதில் பென் டிரைவின் எழுத்து (E:, F: போன்றது) தெரிந்த பிறகே கணக்குகளைச் சேருங்கள்.

சேர்த்த கையோடு, கணக்குகளைச் சேர்த்த அதே கான்ஃபிக் மெனுவில் 'எஸ்' அழுத்தி அந்த கான்ஃப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். பென் டிரைவ் தொலைந்தால் ஒவ்வொரு கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலும் ஆர்க்ளோனுக்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.

ஃபைல்களை நகலெடுக்க 'காப்பி' மட்டும் போதும். 'சிங்க்' வேறு: மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். இடம் மாற்றி அடித்தால் வெற்று ஃபோல்டர் நிரம்பிய ஃபோல்டரைத் துடைத்துவிடும். சிங்க் கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் 'டிரை-ரன்' (--dry-run, வெறும் ஒத்திகை) சேர்த்து ஓட்டி, எவற்றை அழிக்கப்போகிறது என்று படித்துப் பாருங்கள்.

கூகுளிலிருந்து ஒன்டிரைவுக்கு 10 ஜிபி அனுப்பினால், அது உங்கள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். 10 இறங்கி 10 ஏறும், ஆக 20 ஜிபி டேட்டா. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பிக்காதீர்கள்.

முடிந்ததும், இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று ஒப்பிட 'செக்' ஓட்டுங்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இரண்டுக்கும் பொதுவான ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) கிடையாது என்பதால் ஃபைல் அளவை மட்டுமே ஒப்பிடும். கல்யாண ஆல்பம், பத்திர ஸ்கேன் போன்றவற்றுக்கு 'டவுன்லோடு' (--download) என்ற தேர்வையும் சேருங்கள். நேரமும் டேட்டாவும் கூடும், ஆனால் உள்ளடக்கத்தையே ஒப்பிடும். அதில் வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்த பிறகு பழைய இடத்தில் அழியுங்கள்.

அன்புடன்,
கடைக் குழுவினர்