இன்னும் எவ்வளவு அனுசரிப்பது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாடகை வீடுகள் பற்றி வந்த கட்டுரையில், 'வாடகைக்கு இருப்பவர்கள் கொஞ்சம் அனுசரித்துப் போனால் பிரச்சினையே வராது' என்று ஒரு வரி. இருபத்தாறு வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்த வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

சென்னையில் இது எனக்கு ஏழாவது வீடு. பத்து மாத அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று இன்னொரு மாதம் பிடித்தம், எல்லாம் கொடுத்தாயிற்று. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. நான் முதல் யூனிட்டுக்கே வீட்டுக்காரருக்கு எட்டு ரூபாய் கொடுத்தேன். கீழ் வீட்டுக்கு வாசம் போகுமென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைத்தேன். இதெல்லாம் அனுசரிப்பில் சேராதா ஐயா?

போன வருடம் ஒன்றே ஒன்று கேட்டேன். புது ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடலாமா என்று. வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, பதிவு அவசியம் என்பது தாங்கள் அறியாததல்ல. "சட்டம் பேசுறீங்களா?" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் காலை எங்கள் குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. மாடியில் போய்ப் பார்த்தால், எங்கள் போர்ஷனுக்கு வரும் வால்வை மூடி, அதன் கைப்பிடியையும் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிங் பிளேயரால் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. பதினோரு நாள் தெருமுனை அடிபம்பிலிருந்து இரண்டாவது மாடிக்குக் குடம் சுமந்தேன். முட்டிவலியோடு மாமியார் பாதிப் படி வரை இறங்கி வந்து வாங்கிக்கொள்வார்.

அந்த மாத வாடகையையும் வாங்க மறுத்தார்கள். பிறகு வாய்வார்த்தையாக நோட்டீஸ்: பையன் குடிவருகிறான், ஆடிக்குள் காலி பண்ணுங்கள். ஆடியில் யார் வீடு மாறுவார்கள், யார் பால் காய்ச்ச விடுவார்கள்? அலைந்து திரிந்து வெளியேறினோம். பையன் வரவில்லை. ஆவணியில் அதே வாசலில் டு லெட் போர்டு தொங்கியது. அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்கிறது சட்டம். எனக்கு வந்துசேர ஐந்து மாதம் ஆனது.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாதென்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவும் வாங்கலாம். வாடகையை வாங்க மறுத்தால் அவரிடமே கட்டவும் வழி உண்டு. குடம் தூக்கிய அந்தப் பதினோரு நாளில் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் செல்லுமாம். வீடு கிடைத்தால் போதுமென்று நிற்கிறவள் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டாள்?

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த 20-ஆம் பிரிவை எளிய தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மாவட்டந்தோறும் வாடகை அதிகாரியின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போட்டால் கத்தரித்து வைத்துக்கொள்வோம்.

என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். இப்போதைய வீட்டுக்காரரும் தங்கள் வாசகர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை