விருந்தினர் வீடும் ஊழியக்களம்தான்: கிருஷ்ணகிரி, தருமபுரி சபைகளின் மிஷனெரிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயர்மாருக்கும், மிஷனெரிக் குழுக்களில் இருக்கும் அண்ணன், அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நானும் என் வீட்டுக்காரரும் உகாண்டாவின் மேற்கே ம்பராரா என்ற ஊரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, போன வருடம் கிருஷ்ணகிரிக்குத் திரும்பினோம். அவர் ஊழியத்துக்காகக் கிராமம் கிராமமாகப் போய்வந்தார். நான் ஆறு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் இல்லத்தைப் பார்த்துக்கொண்டேன். வரும் ஜூனில் நம் பக்கத்திலிருந்தே ஓர் இளம் தம்பதி அந்த வீட்டுப் பொறுப்பை ஏற்கப் போகிறார்கள். அவர்களை எப்படித் தாங்குவது என்று உங்கள் குழுக்களில் பேச்சு நடக்கிறது. ஒரு கூட்டத்தில், "அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன ஊழியம்? சமையல்தானே?" என்று கேட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

ம்பராரா கம்பாலாவிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். ருவாண்டா எல்லைக்கும் காங்கோ எல்லைக்கும் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். நர்சுகள், வாத்தியார்கள், வேதாகம மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் தாய் தகப்பன்மார் என்று எல்லோருக்கும் நடுவழியில் ஒரு கட்டில் வேண்டும். வெந்நீர் வேண்டும். பயமில்லாமல் அழ ஓர் இடமும் வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் எல்லைப் பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். கேரளத்துப் பெண், என் தங்கை வயசு இருக்கும். அந்த வாரத்தில் மட்டும் மலேரியாவில் மூன்று பிள்ளைகள் அவர் கையிலேயே போயிருந்தார்கள். வந்தவர் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் தூங்கினார். நானும் தட்டவில்லை, வாசலில் தண்ணீரும் கஞ்சியும் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலை அடுக்களைக்கு வந்து, என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பச்சை வாழைக்காயைத் தோல் சீவ ஆரம்பித்தார். கை முழுக்கக் கறை. அப்போதும் பேச்சில்லை.

மதியம் கலோ கிண்டினேன். கேழ்வரகு மாவும் மரவள்ளி மாவும் கலந்து அந்தப் பக்கத்து மக்கள் கிண்டுவது. நம் களிக்குக் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்துதான் நம் நாட்டுக்கு வந்தது. பாலக்கோட்டில் களி தின்று வளர்ந்த எனக்கு அந்த ஊர் அந்நியமாகப் படாததற்கு அதுவும் ஒரு காரணம். கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு உருண்டை சாப்பிட்டபின், "சேச்சி, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போறேன்" என்றார். வேலையை விடுகிற கடிதம் அவர் பையில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதன்பின் அதே மருத்துவமனையில் இன்னும் நாலு வருடம் வேலை பார்த்தார்.

நீங்கள் அனுப்பும் அறிக்கைப் படிவத்தில் கிராமங்கள், கூட்டங்கள், ஞானஸ்நானங்கள் என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. அந்த வாரத்தை நான் எதில் எழுதுவது? ஒன்பது வருடமும் என் பெயருக்கு நேரே கோடுதான் போட்டு அனுப்பினேன். நாலாம் வருடம் ஒரு சபை, "லாட்ஜ் நடத்தவா அனுப்பினோம்?" என்று எழுதிக் காணிக்கையை நிறுத்தியது. அந்தச் சபையின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வருடம் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க என் வளையலை விற்றேன்.

சமையல்தானே என்று கேட்டவர்களுக்குத் துணி துவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே மாம்பழ ஈ என்று ஒன்று உண்டு. வெளியே காயும் ஈரத் துணியில் முட்டை இடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாக வீங்கும். சூடான இஸ்திரிதான் அதற்கு மருந்து. ஆறு அறைக்குப் பன்னிரண்டு படுக்கை விரிப்பு. தலையணை உறை, துண்டு தனி. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும், தையல் ஓரம்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கரண்ட் போனால் கரிப்பெட்டி. மழைக்காலம் அங்கே வருடத்துக்கு இரண்டு. ராத்திரி பதினொரு மணிக்குத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நாளை வரப்போகிறவர்களுக்காக ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பேன். ஜெபத்துக்கு எனக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

இது புதிதாக வந்த வழக்கமும் இல்லை. சமவெளியில் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்த மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள், 1845இல் கொடைக்கானல் மலையில் வீடு கட்டினார்கள். ஊழியக்காரர் இளைப்பாற இடம் வேண்டும் என்பதை அவர்கள் சாவு வழியாகக் கற்றுக்கொண்டார்கள். நம் கிருஷ்ணகிரிக்கு 1895இல் லுத்தரன் மிஷனெரியாக வந்த நேதர் ஐயர், 1904இல் பிளேக் நோய் கண்டு மாண்டார். வருகிறவர்களை யாராவது தாங்கவேண்டும் என்பது நம் மண்ணுக்கும் தெரியும். வேதத்தில் சூனேம் ஊராள் எலிசா தீர்க்கதரிசிக்காக மாடியில் ஓர் அறை கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பற்றி நாம் பிரசங்கம் கேட்கிறோம். திங்கட்கிழமை பட்ஜெட் போடும்போது அவளை மறந்துவிடுகிறோம்.

நம் ஊர்களிலிருந்து களத்தைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்கள் வருவது எங்களுக்குச் சந்தோஷம். காவேரிப்பட்டணத்து அக்கா ஒருவர் இங்கிருந்து புளியும் மிளகாய்த்தூளும் சுமந்து வந்து இறக்கியபோது பொட்டலத்தை மோந்து பார்த்தே அழுதேன். ஆனால் பதினொரு பேர் ஒரு குழுவாக, நாலு நாளுக்கு முன்னால் ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும் அனுப்பிவிட்டு வந்ததும் உண்டு. ஏற்கெனவே அறையில் இருந்தவர்களை வேறு வீடுகளுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. பத்து நாள் சாப்பாட்டுச் செலவு முழுவதும் எங்கள் கையிலிருந்துதான் போனது. ஊருக்குத் திரும்பியபின் அவர்களில் ஒருவர், சாப்பாட்டு மேஜையில் ஒரு மிஷனெரி தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுததைச் சாட்சியாக மேடையில் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. டீசல் செலவை வளையலை விற்று அடைத்துவிட்டேன். இதை அடைக்க வழி தெரியவில்லை.

ஆகவே ஜூனுக்கு முன்னால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். விருந்தினர் இல்லத்துக்கென்று பட்ஜெட்டில் தனியாக ஒரு வரி போடுங்கள்: டீசல், கரி, கொசுவலை, வேலைக்கு ஓர் உள்ளூர்ப் பெண்ணுக்குச் சம்பளம். அறிக்கையில் நாலாவதாக ஒரு கட்டம் வரையுங்கள். அதில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பது போதும், யார், ஏன் என்று கேட்காதீர்கள். குழு அனுப்புவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் கேட்டு, அங்கே இருப்பவர்கள் சரி என்ற பிறகு டிக்கெட் போடுங்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காசு கையோடு கொடுத்தனுப்புங்கள். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புகிற வாரத்தில் அங்கே ஓடாதீர்கள்.

அப்புறம், வருடத்துக்கு ஒரு மாதம், ஜூனில் போகப்போகிற அந்தத் தங்கையை அடுக்களையிலிருந்து விடுவிக்க இங்கிருந்து யாரையாவது அனுப்பிவையுங்கள். சமைக்கத் தெரிந்த, துணி தேய்க்கச் சலிக்காத, கேட்டதை வெளியே சொல்லாத ஒருவர் போதும். ஒன்பது வருடத்தில் எனக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. முதல் வருடத்துக்கு நானே போகத் தயார், டிக்கெட் செலவை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால்.

அந்தத் தங்கை போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். கலோவில் மரவள்ளி மாவு எவ்வளவு சேர்ப்பது என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள். அவளுக்காகப் பன்னிரண்டு படுக்கை விரிப்பு தைத்து முடித்துவிட்டேன். ஓரத்தில் தடித்த மடிப்பு வைக்கவில்லை, தேய்க்க லேசாக இருக்கும். கொசுவலை இன்னும் வாங்கவில்லை. எந்தச் சபை வாங்கித் தருகிறது என்று மே மாதத்துக்குள் சொல்லுங்கள்.

உங்கள் சகோதரி,
விருந்தினர் இல்லத்து அம்மா,
கிருஷ்ணகிரி