ஆய்வேட்டின் நன்றியுரையில் இடம்பெறாதவர்களுக்கு

வீட்டுக்கார ஐயா, அம்மா, எதிர்வீட்டு அக்கா, மளிகைக்கடை அண்ணாச்சி, பிரியாணிக்கடை பாய், உழவர் சந்தை ஆயா, ஒன்றாம் நம்பர் பஸ் நடத்துநர்கள், துறை அலுவலக மேடம், சீனியர் அண்ணன் எல்லாருக்கும் வணக்கம்.

காட்பாடி மாடி வீட்டிலிருந்து கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதும் மடல் இது. ஆய்வேட்டின் முன்பக்கத்து நன்றியுரைக்கென்று ஒரு வரிசை இருக்கிறது: நெறியாளர், ஆய்வுக்குழு, துறைத்தலைவர், உதவித்தொகை தந்தவர்கள், பெற்றோர். அதில் போய்க் களி கிண்டச் சொல்லிக்கொடுத்தவரைச் சேர்த்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். வெறுமனே நன்றி என்று வந்து நின்றாலோ, "இதுக்கெல்லாம் இன்னாத்துக்குப்பா" என்று நீங்களே துரத்திவிடுவீர்கள். ஆகவே நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அளவு மாறாமல் எழுதிவைக்கிறோம். கல்யாணம் முடிந்த கையோடு ஆய்வுக்கென்று இங்கே வந்து இறங்கும் அடுத்த ஜோடிக்கும் ஆகும்.

முதலில் அலுவலக மேடம். 2023 ஜனவரி 1 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. தொகை எல்லாருக்கும் தெரியும், வீட்டு வாடகைப் படியில் இருக்கும் கண்ணி தெரியாது. பல்கலைக்கழகம் விடுதியில் இடம் தருகிறோம் என்று சொல்லி, நாம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தப் படிக்கு உரிமை போய்விடும். கல்யாணமானவர்கள் பலர் 'எனக்கு விடுதி தேவையில்லை' என்று அப்பாவியாக ஒரு கடிதம் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். குடும்பத்தோடு தங்க இடம் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் அதை எழுத்தில் வாங்கி, வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னது நீங்கள்தான், மேடம். இவர் ஆய்வில் தொடர்கிறார் என்று மாதாமாதம் நிறுவனம் போடும் உறுதிப்பதிவு ஒரு தடவை விட்டுப்போனாலும் அந்த மாதப் பணம் நின்றுவிடும் என்பதும், முனைவர் பட்டப் படிப்பில் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள்வரை உண்டு என்பதும் உங்கள் மேசையில் கேட்டவை. திருமணப் பதிவையும் தள்ளிப்போடக் கூடாது. தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதைத் தாண்டினால் இன்னும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு.

ஐயாவுக்கும் அம்மாவுக்கும். வீடு பார்க்கும்போது வாடகையைவிட மீட்டரை முதலில் பார்க்கச் சொன்னீர்கள். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால் அது குடியிருப்பவருக்கு வரும். ஒரே இணைப்பில் நான்கு குடித்தனத்துக்கு சப்-மீட்டர் போட்டிருந்தால் எல்லார் யூனிட்டும் ஒன்றாகக் கூடி 500-ஐத் தாண்டி, விலை அடுத்த படிக்கு ஏறிவிடும். அந்தச் சுமை கடைசியில் நம் தலையில்தான்.

அதைவிடப் பெரிய உதவி சுண்ணாம்பு. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் சித்திரை வைகாசியில் பகல்கூடத் தேவலை. தளம் குடித்த சூடு ராத்திரி பத்து மணிக்குத்தான் அறைக்குள் இறங்க ஆரம்பிக்கும், ஆய்வேடு எழுதும் நேரமும் அதுதான். ஐயா சொன்ன முறை: 500 சதுர அடிக்குச் சுமார் 20 கிலோ சுண்ணாம்புக்கல். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கல் கொஞ்சம் கொஞ்சமாக. கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். ஒரு ராத்திரி நீறவிட்டுச் சாக்கில் வடிகட்டி, கெட்டி மோர்ப் பதத்துக்குக் கரைத்து, ஒரு கிலோ ஃபெவிகால் கலக்க வேண்டும். பூசுமுன் தளத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஈரமாக்கணும். காய்ந்த தளம் சுண்ணாம்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் மேலே வெறும் மாவுதான் மிஞ்சும், நடந்தால் காலோடு வரும். முதல் பூச்சு கிழக்கு மேற்காக, மறுநாள் இரண்டாவது வடக்கு தெற்காக. பங்குனி பிறக்குமுன் முடித்துவிட்டால் கோடை முழுக்கத் தாங்கும். ஐப்பசி மழை பாதியைக் கழுவிவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அம்மா சொன்ன தண்ணீர் விஷயம் ஒரு வரிதான், ஆனால் கேஸ் சிலிண்டரைக் காப்பாற்றியது. போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. உப்புத்தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இளகவிடாது, எட்டு விசில் வைத்தாலும் முழிக்கும். பருப்புக்கும் டீக்கும் மட்டும் காவிரித் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர்.

எதிர்வீட்டு அக்கா, உங்களுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும். ஆய்வு மாணவர் வீட்டில் சமையலுக்குக் கிடைப்பது ராத்திரி ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்குள் வயிறு நிறைய, மறுநாள் காலைக்கும் மிஞ்ச ஆகிற ஒரே சாப்பாடு களிதான் என்றீர்கள், அது சரிதான்.

இருவருக்கு ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு, கால் டம்ளர் நொய், மூன்று டம்ளர் தண்ணீர், உப்பு. நொய்யை முதலில் அந்தத் தண்ணீரில் குழைய வேகவிடணும். கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளணும். இங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறோம். பதற்றத்தில் கரண்டியை விட்டுக் கலக்கினால் மாவு கட்டி கட்டியாகி உள்ளே பச்சையாகவே நிற்கும். தின்றால் ராத்திரியெல்லாம் வயிறு பொருமும். குவியலின் நடுவில் கோலால் ஒரு துளை போட்டு, மூடி, தீயைக் குறைத்து ஏழெட்டு நிமிஷம். துளை வழியாகக் கஞ்சி கொப்பளித்து மாவின் மேல் வழிந்தால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது மேலே நிற்கும் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கீழே இறக்கி, இரண்டு காலாலும் துணி வைத்து அணைத்துக்கொண்டு கோலால் ஒரே பக்கமாகக் கிண்டணும். இறுகினால் எடுத்துவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். பிறகு மறுபடி இரண்டு நிமிஷம் சிறுதீயில். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. தண்ணீர் தொட்ட கிண்ணத்தில் போட்டு உருட்டினால் பளபளவென்று வரும்.

மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோர், சின்ன வெங்காயம், உப்போடு கரைத்துக் குடித்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓடலாம், பன்னிரண்டு மணிவரை பசி எடுக்காது. கருவாட்டுக் குழம்பு இருந்தால் களிக்கு மரியாதை. இல்லாவிட்டால் கீரைக் கடையல் போதும்.

இட்லி மாவில் நீங்கள் சொன்ன உப்புக் கணக்கும் மறக்காது. மே மாதத்தில் நான்குக்கு ஒன்று மாவு ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும், ஆகவே அரைத்ததும் உப்புப் போட்டுவிட வேண்டும், உப்பு புளிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மார்கழியில் பொங்கிய பிறகு உப்பு. டிபன் பாக்ஸில் வெயில் காலத்துக்குத் தேங்காய்ச் சட்னி கிடையவே கிடையாது, பதினொரு மணிக்கே ஊசிவிடும். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி, இல்லை புளிச்சோறு.

டோல்கேட் உழவர் சந்தை ஆயாவுக்கு. உங்களிடம்தான் முள்ளு கத்தரிக்காயை அடையாளம் காணக் கற்றோம். இலவம்பாடிப் பக்கத்துக் காய், 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காம்பில் முள் கையைக் குத்தினால் இன்று பறித்தது, முள் மழுங்கிச் சுருண்டு கிடந்தால் நேற்றையது அல்லது முந்தாநாளையது. ஒரே அளவுள்ள இரண்டில் கனம் குறைந்ததை எடுக்கணும், கனத்த காயில் விதை. அரிந்ததும் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டால் கறுக்காது. இந்தக் காய் சீக்கிரம் வெந்துவிடும், புளி ஊற்றிக் கொதித்த பிறகு போடணும். முதலிலேயே போட்டால் குழம்பில் தோல் மட்டும் நீந்தும். சந்தையில் விலை பலகையில் எழுதியிருக்கிறது, பேரம் பேசி ஆயாவின் நேரத்தைக் கெடுக்க வேண்டாம்.

அண்ணாச்சிக்கு: உதவித்தொகை சில சமயம் இரண்டு மூன்று மாதம் சேர்ந்து மொத்தமாக வரும். அதுவரை நோட்டுக் கணக்கு. தேதி, பொருள், தொகை மூன்றையும் இரண்டு நோட்டிலும் எழுதணும், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். பணம் வந்த அன்றே முதல் வேலையாகக் கணக்கை நேர் செய்யணும். இதில் வேறு நுட்பம் ஒன்றும் இல்லை.

பாய் கடைக்கு ஞாயிறு பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு அண்டாவின் அடிதான். மாதக் கடைசியில் குஸ்கா, தால்சா, கத்தரிக்காய் போதும், கறிச்சாறு சோற்றில் ஊறித்தானே இருக்கிறது. ஆம்பூர் முறையை வீட்டடுப்புக்குச் சுருக்கிச் சொன்னதற்கு நன்றி, பாய். அரைக்கிலோ ஆட்டுக்கறிக்கு அரைக்கிலோ சீரகச் சம்பா, 250 கிராம் வெங்காயம், 200 கிராம் தக்காளி, இஞ்சியும் பூண்டும் 50 கிராம் வீதம், நூறு மில்லி தயிர். காரத்துக்குத் தூள் கிடையாது. பத்துக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து அரைத்த விழுது, அந்த நிறமும் மணமும் அதில்தான். கறி மசாலாவிலேயே வேகட்டும். சீரகச் சம்பா இருபது நிமிஷத்துக்கு மேல் ஊறக் கூடாது, ஒரு மணி நேரம் ஊறினால் பொங்கல்தான். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு வடித்து, மசாலாவோடு சேர்த்து, அடியில் தோசைக்கல், மூடிமேல் வெந்நீர்ப் பாத்திரம், சிறுதீயில் கால்மணி. அணைத்த பிறகு பத்து நிமிஷம் திறக்கவே கூடாது. விறகடுப்பும் மூடிமேல் தணலும் இல்லாமல் உங்கள் கடை ருசி வராது என்று நீங்களே சொன்னீர்கள். வரவில்லைதான்.

நடத்துநர் அண்ணன்களுக்கு. காட்பாடியிலிருந்து பாகாயம்வரை ஒன்றாம், இரண்டாம் நம்பர் பஸ்கள் ஓடுவதால்தான் ஒரே வண்டி வைத்திருக்கும் குடும்பம் இரண்டு திசையில் வேலைக்குப் போக முடிகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. ஆனால் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், இலவசம்தானே என்று சும்மா உட்காரக் கூடாது. வேலூர்க் கோட்டைக்குப் போக ஞாயிறு காலை ஆறரைக்கே இறங்கிவிடுங்கள் என்றது நீங்கள்தான். அகழியோரம் அப்போதுதான் நிழல். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரையும் யாளியும் பார்க்கப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும், உச்சி வெயிலில் கல் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போனால் கைபேசியை வெளியே வைத்துவிட்டு நட்சத்திரப் பாதையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், சாப்பிட்ட கையோடு போவது தப்பு. அமிர்தி அருவி மழைக்காலம் கழித்துத்தான். சித்திரையில் போனால் பாறையை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

காவலூர் வானாய்வகத்தைச் சொன்ன சீனியர் அண்ணனுக்கும் ஒரு வரி. சனிக்கிழமைதான் பொதுமக்களுக்கு. 1986-இல் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போகணும். வானம் தெளிவாக இருந்தால்தான் பலன், ஆகவே தை மாசி. ஜவ்வாது மலைக் குளிருக்கு வேலூர் ஆட்கள் யாரும் சால்வை எடுப்பதில்லை, எடுக்கணும். திரும்பும் கடைசிப் பஸ்ஸை ஆலங்காயத்திலேயே விசாரித்துவிட்டு மலை ஏறணும்.

அக்கா, களிக்கோலைக் கழுவிக் காயவைத்து உங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறோம். முனையில் இருக்கும் கீறல் போன தையிலிருந்தே இருப்பது, எங்களால் வந்தது இல்லை. அண்ணாச்சி, நோட்டில் நிற்கும் 340 ரூபாயை ஐயாவிடம் கொடுத்திருக்கிறோம், வாங்கிக்கொண்டு பக்கத்தை அடித்துவிடுங்கள். மீந்த அரைமூட்டைச் சுண்ணாம்புக்கல் படிக்கட்டுக்கு அடியில், ஈரம் படாமல் பாலிதீன் உறையில் கட்டிவைத்திருக்கிறது. அடுத்து மாடிக்கு வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
மாடி வீட்டு இருவர்
காட்பாடி