சந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் வேலையில் சேர்ந்ததைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன், என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

சரி, உன் அறிக்கைக்கு வருகிறேன். வளரும் நாடுகளில் நெரிசலான தெருக்களில் கிடக்கும் கணினிக் கடைகளையும் பட்டறைகளையும் ஊருக்கு வெளியே நல்ல கட்டடங்களுக்கு மாற்றினால் தொழில் வளரும் என்று எழுதியிருக்கிறாய். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில், இகேஜாவில் இருக்கும் ஒடிக்பா கணினிச் சந்தையைப் பார். குடியிருப்பாக இருந்த இடம், 1990களில் கடைகள் பெருகிச் சந்தையாகிவிட்டது. விற்பனை, பழுது பார்ப்பது, பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கணினி உருவாக்குவது எல்லாம் அங்கேயே நடக்கின்றன. இப்படி நெருங்கியிருக்கும் இடத்தில், வாடிக்கையாளர் கேட்ட பாகம் தன்னிடம் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணத்தை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். போட்டிக்காரரே கடனும் கொடுக்கிறார்! எல்லாச் சரக்கையும் வாங்கி அடுக்க வேண்டியதில்லை என்பதால் கையில் கொஞ்சமே இருப்பவரும் கடை திறக்க முடிகிறது. வங்கி வாசலை மிதிக்க முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

அந்நாட்டு இக்போ இன வணிகர்களின் வழக்கம் ஒன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும். பையன் சில வருடங்கள் முதலாளியிடம் இருந்து தொழில் பழகுகிறான். காலம் முடிந்ததும் முதலாளியே கைமுதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிடுகிறார். பழகியவனே நாளைக்குப் போட்டியாக நிற்பான் என்று தெரிந்தும் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் தினமும் முகம் பார்த்துப் பழகுவதால் நடப்பது. புது இடத்தில் வாடகை ஏறினால் முதலில் விழுவது இருப்பதிலேயே சின்னக் கடைதான்.

குறை இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரம் நிற்கிறது, ஜெனரேட்டர் செலவு லாபத்தைத் தின்கிறது. சோதனைக் கருவி, நல்ல இயந்திரம் போன்றவை தனியொருவரால் ஆகாத காரியம். அங்கேதான் அரசும் பல்கலைக்கழகமும் வேண்டும். கானாவின் குமாசி நகரப் பல்கலைக்கழகம் 1980இல், வண்டிப் பழுதும் உலோக வேலையும் நடக்கும் சுவாமே மேகசின் பகுதிக்குள்ளேயே தொழில்நுட்பப் பட்டறை ஒன்றைத் திறந்தது. தொழிலாளி இருக்கும் இடத்துக்கே இயந்திரமும் பயிற்சியும் போயின.

அறிக்கையை முடிக்கும் முன், நீ இடம் மாற்றச் சொல்லும் கடைக்காரர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடு: போன வாரம் பக்கத்துக் கடையிலிருந்து எத்தனை முறை சரக்கு எடுத்தார்கள்? பதிலை எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்