படத்தில் ஓர் ஆளை நிறுத்து

வெள்ளவத்தை,
கார்த்திகை மாதம்.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. வட்ஸ்அப்பில் எழுதினால் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் கடிதம். மாமாவிடம் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அவர் அங்கே வர இன்னும் நாள் கிடக்கிறது. அப்பா இதை ஸ்கான் பண்ணி அனுப்புவார், ஆறுதலாக இருந்து வாசி.

தீபாவளிக்கு நீ அனுப்பிய ஏரிப் படம் கிடைத்தது. அழகான படம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் அசையவே இல்லை. மறுகரையில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்க, அதே மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கின்றன. சித்தியின் பிள்ளைகள் புதுச் சட்டை போட்டு அனுப்பிய படங்கள், அக்கா வீட்டுப் பலகாரத் தட்டு, லண்டன் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள், இத்தனைக்கும் நடுவில் உன் ஏரி வந்து விழுந்தது. குடும்பக் குழுவில் எல்லாரும் 'ஆகா' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நானும்தான்.

சரி, படத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

நீ வைகாசியில் அனுப்பிய மரப்பாலத்தின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் இருக்க மாட்டார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. வெஸ்ற் மொன்றோஸ் பாலத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். 1881இல் கட்டியதாம், ஒன்ராறியோ முழுவதிலும் மிஞ்சியிருக்கும் ஒரே பழைய கூரைப் பாலமாம். மழையிலும் பனியிலும் மரம் உக்கிப்போகாமல் இருக்கத்தான் கூரை. எங்கள் பதுளைப் பக்கத்துப் போகொடைப் பாலத்துக்கு ஓட்டுக்கூரை போட்டதும் அதே காரணத்துக்குத்தான், பத்தாம் வகுப்பில் உனக்கே படிப்பித்திருக்கிறேன். அந்த மரப்பாலத்துக்கு அங்குள்ள சனங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயரையும் வாசித்தேன். தாய் மகனுக்கு எழுதக்கூடிய பெயர் அல்ல. ஆனால் ஒருவர் தனியாகப் போகிற இடத்துக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது.

முன்வீட்டு அன்ரி வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "மருமகள் எங்கே நிற்கிறா?" என்று கேட்டா. கமராவுக்குப் பின்னால் நிற்கிறாள், அவள்தான் எடுத்தாள் என்று சொன்னேன். அப்படித்தானே?

நான் புவியியல் படிப்பித்தவள், கலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்குக் களப்பயணத்தில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: பாறையையோ மண்வெட்டையோ படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு சுத்தியலை வை, இல்லாவிட்டால் ஓர் ஆளை நிறுத்து. அப்போதுதான் பார்க்கிறவனுக்கு அளவு தெரியும். கடுகண்ணாவையில் வெள்ளைக்காரன் கண்டி றோட்டுக்காகக் குடைந்த பாறை வாசலில் அப்பா கறுப்புக் குடையோடு நிற்கிற படம் உனக்கு ஞாபகம் இருக்கும், 1982இல் எடுத்தது. அப்பா நிற்காவிட்டால் அது எலி வளையா லொறி போகிற வழியா என்று யாருக்குத் தெரியும்? உன் ஏரியும் அப்படித்தான். எவ்வளவு பெரியது, குளமா கடலா, என்னால் சொல்ல முடியவில்லை. கரையில் ஓர் ஆள் நின்றிருந்தால் போதும். சிவப்புக் குளிர்ச்சட்டை போட்ட ஆள் என்றால் இன்னும் நல்லது. மருமகளிடம் அப்படி ஒன்று இருந்ததே, நாங்கள் அனுப்பிய காசில் வாங்கியது.

அந்தக் குடைப் படத்துக்குப் பிறகு எங்கள் ஆல்பத்தில் வெளியிடமே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறாயா? போன கிழமை எல்லா ஆல்பங்களையும் இறக்கித் தூசி தட்டினேன். 83 கலவரத்துக்குப் பிறகு எல்லாம் வீட்டுக்குள்தான். உன் பிறந்தநாட்கள், அக்காவின் அரங்கேற்றம், மாமாவின் கலியாணம், சுவர், யன்னல் சீலை, கேக். அந்த நாட்களில் தமிழர் கமராவோடு கொழும்பைத் தாண்டிப் போவதென்றால் எத்தனை சோதனைச்சாவடி. பாலம், நீர்த்தேக்கம், ரயில் நிலையம், எதைப் படம் எடுத்தாலும் கேள்வி வரும். எங்கள் அடையாள அட்டையைப் பார்த்தால் கேள்வி இன்னும் நீளும். களனிப் பாலத்தைக் கடக்கும்போது கமராப் பையை மடியில் வைத்திருக்கவே பயம். காலி வீதி ஸ்டூடியோவில் பின்னால் தொங்கிய சீலையில் ஒரு நீர்வீழ்ச்சி வரைந்திருந்தார்கள். அதுதான் எங்களுக்குக் கிடைத்த இயற்கைக் காட்சி. அதன் முன்னால் நாங்கள் நாலு பேரும் விறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

அதனால் நீ காரை எடுத்துக்கொண்டு நினைத்த றோட்டில் போய், நினைத்த இடத்தில் இறங்கிப் படம் எடுக்கிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும்தான். ஆனால் எங்கள் ஆல்பத்தில் ஆட்கள் இருந்தார்கள், இடம் இல்லை. உன்னுடைய இந்த வருடப் படங்களில் இடம் மட்டும்தான் இருக்கிறது.

மருமகளுக்குக் கார்ப் பயணம் தலையைச் சுற்றும் என்று எப்போதோ சொன்னாய். முன் சீற்றில் இருத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சுற்றாது. இஞ்சி ரொபி வாங்கி வை.

இனி வெளிச்சத்தைப் பற்றி. ஆடியில் உன் படங்கள் இங்கே விடிய ஆறு மணிக்கு, நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்போது வரும். அங்கே முதல்நாள் இரவு எட்டரை. அந்த நேரத்திலும் வெயில் மஞ்சளாக வயலில் படுத்துக் கிடக்கும், வைக்கோல் உருளைகளின் நிழல் வேலி வரைக்கும் நீண்டிருக்கும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொழும்பு மத்திய கோட்டுக்கு ஏழு பாகைதான் வடக்கே. சூரியன் நேரே ஏறி நேரே இறங்கிவிடும், சித்திரையில் சரியாக உச்சிக்கே வந்துவிடும். நல்ல வெளிச்சம் என்று காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம், அவ்வளவுதான். நீ இருப்பது நாற்பத்து நாலு பாகையில். அங்கே சூரியன் சரிந்துதான் நடக்கும், அதனால் பொன் வெளிச்சம் நின்று ஆறுதலாகப் போகும். மார்கழி வந்தால் மத்தியானத்திலும் 23 பாகை அளவுக்குத்தான் ஏறும், நாள் முழுக்கப் பக்கவாட்டு வெளிச்சம். படம் எடுக்க அதுவும் நல்லதுதான், ஆனால் ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும். ஆடி மாத ஞாபகத்தில் நின்றுவிடாதே.

இருட்ட முன் வீட்டுக்குப் போய்விடு. உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் மான்கள் கூடுதலாக றோட்டில் குறுக்கே பாயுமாம், அதுவும் விடியலிலும் மைம்மலிலும். அதாவது நீ படத்துக்கு வெளிக்கிடுகிற அதே நேரம். ஒரு மான் பாய்ந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தால் பயமில்லை. தனியாக ஓட்டுகிறவர் றோட்டைப் பார்ப்பாரா, வெளிச்சத்தைப் பார்ப்பாரா? நான் பொதுவாகச் சொல்கிறேன். போன் சார்ஜ் இருக்கிறதா என்று பார். இருட்ட முன் வீட்டுக்குப் போ.

நாங்களும் போன ஞாயிறு படம் எடுக்கப் போனோம், சிரிக்காதே. சித்தியின் வானில் தலங்கமக் குளத்துக்கு. ஐந்தரைக்கு வெளிக்கிட்டால்தான் சரி, ஏழரைக்குப் பிறகு வெயில் வெளுத்துவிடும், பின்னேரம் என்றால் இந்த மாதத்தில் இடி மின்னல். வானுக்குள் ஏசி போட்டுக்கொண்டு போனதில், இறங்கியதும் உன் பழைய கமராவின் லென்ஸ் முழுக்கப் புகார் மூடிவிட்டது. துடைக்கத் துடைக்க மூடியது. அது தெளியும் வரைக்கும் சித்தப்பா ஆளுக்கொரு மாலுபாண் கொடுத்தார். உனக்கு இது மறுபக்கமாக நடக்கும். குளிருக்குள் இருந்து சூடான வீட்டுக்குள் வந்தால் உடனே கமராவை வெளியே எடுக்காதே, பையை மூடியபடியே வைத்துச் சூடு ஏறவிடு.

நீலத் தாழைக்கோழிகள் தாமரை இலைக்கு மேலால் நடந்து திரிந்தன. நீர்க்காகம் ஒன்று செத்த மரத்தில் இறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. வயலுக்குப் பின்னால் மாடி வீடுகள் வந்துவிட்டன, அவற்றை ஒதுக்கிப் படம் எடுக்க அப்பா குந்தி இருந்து பார்த்தார், பிறகு எழும்ப முடியாமல் சித்தப்பா தூக்கிவிட்டார். நான் சித்தியைக் குளக்கட்டில் நிறுத்தி எடுத்தேன். தான் குண்டாகத் தெரிகிறாளாம், அழிக்கச் சொல்லி ஒரே சண்டை. அழிக்கவில்லை. குளக்கட்டு எவ்வளவு உயரம் என்று அவளை வைத்துத்தான் தெரிகிறது.

மற்றப் புதினங்கள்: தண்ணீர் மோட்டார் திருத்தியாயிற்று. அக்காவின் மூத்தவன் சோதினை எழுதுகிறான். அப்பாவின் சீனி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அந்தச் சிவப்புக் களஞ்சியப் படத்தைப் பற்றி அப்பா எழுதச் சொன்னார். இல்லை, எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் எழுதுகிறேன். நீ அதைக் காரின் பக்கக் கண்ணாடிக்குள்ளால் எடுத்திருக்கிறாய். களஞ்சியத்துக்கு மேலால் காரின் உள்பக்கமும் மங்கலாக விழுந்திருக்கிறது. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஐபாட்டில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்துச் சீற்றில் கமராப் பை. இரண்டு கோப்பை வைக்கிற இடத்தில் ஒரு கோப்பை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஐபாட்டை மூடிவிட்டு மீன் வாங்கப் போனார். வெள்ளிக்கிழமையில்.

பிரதிபலிப்பை வெட்ட லென்ஸில் போலரைசர் வடிகட்டி போடலாம் என்று நீயே முந்தி எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாய், கண்ணாடிக்கு நேரே நிற்காமல் சரிவாக நின்றால்தான் அது நன்றாக வேலை செய்யும் என்றும். ஆனால் காரின் பக்கக் கண்ணாடி உறுதியூட்டிய கண்ணாடி. போலரைசர் போட்டால் அதில் திட்டுத் திட்டாகக் கறை தெரியும். ஆகவே கண்ணாடிக்குள்ளால் எடுக்காதே. காரை ஓரமாக, வளைவு இல்லாத இடத்தில் நிறுத்து, இறங்கு, கதவைச் சாத்து, பிறகு எடு. இறங்கச் சோம்பலாக இருந்தால் அது படம் எடுக்கிற நாள் இல்லை, வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடு. சமைக்கிறாயா? வெளிச் சாப்பாடுதான் என்று மாமாவின் மகள் சொன்னாள். அவள் உன்னைத் தமிழ்க் கடையில் கண்டாளாம். மெலிந்திருக்கிறாய் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமா மார்கழி நடுப்பகுதியில் வருகிறார். மூன்று நாள் உங்கள் வீட்டில் தங்குவதாகச் சொல்கிறார். அந்தச் சின்ன அறையில் இடம் இருக்கிறதா என்று மருமகளிடம் கேட்டுவிட்டு எழுது. மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன், பருத்தித்துறை வடையும் சொல்லியிருக்கிறேன். உன் பழைய கமராவையும் கொடுத்துவிடுவோம். அப்பா அதை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் போகாத டப்பாவில் வைத்து, ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆகும் போதெல்லாம் சூடாக்கிக் காயவைத்துப் பார்த்தும், லென்ஸின் ஓரத்தில் பூஞ்சணம் தொடங்கிவிட்டது. இந்தக் கடற்காற்றுக்கு இனித் தாங்காது.

மருமகளுக்கு ஒரு காஞ்சிபுரம் எடுத்து வைத்திருக்கிறேன், மயில் கழுத்து நிறம். பொங்கலுக்குக் கட்டட்டும் என்று எடுத்தது. அதை மாமாவிடம் கொடுத்துவிடவா, இங்கேயே வைத்திருக்கவா? மாமாவின் பெட்டியில் இடம் குறைவு. சேலை வராவிட்டால் இன்னும் இரண்டு கிலோ மிளகாய்த்தூள் வைக்கலாம். பெட்டி கட்டுவதற்கு முன் எழுது.

அம்மா