டின்னா, காயா? தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாயன்று வந்து சேர்ந்தது. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஓவனை ஒருவழியாக வாங்கிவிட்டாய் என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. பேத்தியின் பிறந்தநாளுக்கு மஞ்சள் பூசணியில் கேக் செய்ய இருப்பதாகவும், அதற்கு டின்னில் அடைத்த விழுதை வாங்குவதா, காயையே வாங்கி வேகவைத்து மசித்துக்கொள்வதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, சில கேக்குகளை வீணாக்கிய பிறகே எனக்கு இதில் ஒரு தெளிவு பிறந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் வலது மணிக்கட்டைப் பற்றி விசாரித்திருந்தாய். இப்போது வலி பெருமளவு குறைந்துவிட்டது. பூசணியின் தடித்த தோலில் கத்தியை இறக்கவே முடியாமல் போன அந்த மாதங்களில்தான், அதுவரை தொட்டுப் பார்த்திராத டின் பூசணியை நான் வாங்கத் தொடங்கினேன். அது சோம்பேறிகளுக்கானது என்ற எண்ணம் எனக்கும் அதற்கு முன்பு இருந்தது. ஆனால் ஏறக்குறைய மூன்று மாதங்கள் வாரம் ஒரு முறை அதே கேக்கைச் செய்தபோது, ஒரு வாரத்துக்கும் மறு வாரத்துக்கும் இம்மியும் வேறுபாடு இல்லாமல் அது எழும்பி வந்ததைக் கண்டு வியந்தேன். பிறகு கை சரியானதும் ஆசையாக ஒரு காயை வாங்கி, குக்கரில் வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, டின் விழுதை அளந்த அதே கப்பால் அளந்து கேக் செய்தேன். ஓவனில் இருக்கும்போது அழகாக எழும்பிய கேக், வெளியே எடுத்த பத்து நிமிடத்தில் நடுவில் அமுங்கிவிட்டது. வெட்டிப் பார்த்தால் மேலே பஞ்சுபோல இருந்தது. அடியிலோ ஒரு விரல் பருமனுக்குக் களிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. மாவிலும் முட்டையிலும் பேக்கிங் பவுடரிலும் எதையும் நான் மாற்றவில்லை. மாறியது பூசணி ஒன்றுதான்.

அன்று மீதமிருந்த விழுதில் சரியாக 500 கிராம் நிறுத்து, நான்காக மடித்த மெல்லிய வெள்ளைத் துணியில் இட்டு, வடிகட்டியின் மேல் வைத்து, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் விட்டேன். காலையில் கீழே இருந்த கிண்ணத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஏறக்குறைய 150 கிராம் தண்ணீர் நின்றது. துணியில் எஞ்சியிருந்த விழுதைத் தொட்டபோது, டின்னைத் திறந்ததும் கரண்டியில் வெட்டி எடுக்கும்படி கெட்டியாக இருக்குமே, அதே பதத்தில் இருந்தது. பூசணியின் எடையில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான் என்று படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கிண்ணத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான், நீ கேட்ட கேள்விக்கு விடை தண்ணீரில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. டின்னில் அடைப்பவர்கள் காயை ஆவியில் வேகவைத்து, அரைத்து, நீரை ஓரளவு அகற்றி, ஒரே பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். வீட்டில் நாம் அரைக்கும் விழுதின் பதமோ காய்க்குக் காய் மாறும். ஒரு கப் என்று சமையல் குறிப்பு சொல்லும்போது, அந்தக் கப்பில் எவ்வளவு பூசணி, எவ்வளவு தண்ணீர் என்பதை அது சொல்வதில்லை.

ஆகவே, காயையே பயன்படுத்த விரும்பினால் முதலில் குக்கரையும் கொதிநீரையும் மறந்துவிடு. காயை இரண்டாகப் பிளந்து, விதையையும் நாரையும் வழித்தெடுத்து, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை ஓவனில் சுடு. தோல் சுருங்கி, காய் தானாகவே உட்கார்ந்துவிடும். கத்தியின் நுனி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். தட்டின் ஓரத்தில் வழிந்த சாறு பழுப்பாக உறைந்து, கருப்பட்டிப் பாகின் வாசனை எழும். அந்த வாசனை வந்த காயில் தண்ணீர் குறைந்து இனிப்பு கூடியிருக்கும். ஆறியதும் சதையைக் கரண்டியால் வழித்து அரைத்துக்கொள். பிறகு ஒரு கரண்டி விழுதை வெள்ளைத் தட்டில் குவித்து வைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார். குவியல் அப்படியே நின்றால் கவலையில்லை. அதைச் சுற்றி நீர் வளையம் கட்டினால், துணியில் இட்டு வடித்தோ, அகன்ற வாணலியில் சிறு தீயில் கிளறி வற்றவைத்தோதான் பயன்படுத்த வேண்டும். நேரம் இருந்தால் துணியையும், அவசரமானால் வாணலியையும் நாடுகிறேன். வாணலியில் கிளறும்போது விழுது வெடித்துத் தெறிக்கும் என்பதால் நீளமான கரண்டியாக எடுத்துக்கொள்.

எந்தக் காய் என்பதிலும் கவனம் வேண்டும். மேல்நாடுகளில் ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்கி விளக்கு வைப்பதற்கென்றே வளர்க்கப்படும் பெரிய காய்கள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், உள்ளே நாரும் நீருமாகச் சுவையற்று இருக்கும். அவற்றைக் கேக்குக்குத் தொடாதே. அளவில் சிறியதாக, கையில் எடுத்தால் பார்வைக்கு மீறிய கனத்துடன், வெட்டினால் ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் சதை நெருக்கமாக இருக்கும் காயே சிறந்தது. பறித்தவுடன் சமைப்பதைவிடச் சில வாரங்கள் வைத்திருந்து சமைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி இனிப்பு கூடுகிறது. வெட்டியதும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கசந்தால் அந்தக் காயைத் தூக்கி எறிந்துவிடு. குகர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் அது; வேகவைத்தாலும் போகாது, வயிற்றுக்கும் கெடுதல்.

டின்னில் உண்மையிலேயே பூசணிதான் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டிருந்தாய். உன் சந்தேகத்தில் பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் டின்னில் அடைப்பதற்கான பூசணி பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் விளைகிறது. அதில் பெரும்பங்கு டிக்கின்சன் என்னும் வகை. படங்களில் காணும் உருண்டையான ஆரஞ்சுக் காயைப் போல இல்லாமல், வெளிர்பழுப்புத் தோலுடன், பட்டர்நட் பூசணிக்கு நெருங்கிய உறவாக இருக்கும் வகை அது. பூசணிக்கு உறவான, ஸ்குவாஷ் என்று அழைக்கப்படும் சில காய் வகைகளிலிருந்து செய்த விழுதையும் பூசணி என்ற பெயரிலேயே விற்பதை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 1938 முதல் ஆட்சேபிக்காமல் விட்டுவந்திருக்கிறது. இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. கேக்குக்கு ஏற்ற கெட்டிச் சதை அந்த வகைகளில்தான் இருக்கிறது. நீ உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. டின்னின் பின்புறத்தில் உள்ள பொருள்பட்டியலில் பூசணி என்ற ஒரு சொல் மட்டுமே இருக்க வேண்டும். பக்கத்திலேயே, ஏறக்குறைய அதே படத்துடன், பம்ப்கின் பை (மாவு அடியின் மேல் பூசணிப் பூரணம் இட்டுச் சுடும் மேல்நாட்டு இனிப்பு) செய்வதற்கான கலவை என்று இன்னொரு டின் இருக்கும். அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்பே சேர்த்திருப்பார்கள். ஒரு முறை அவசரத்தில் நான் அதை எடுத்து வந்துவிட்டேன். அந்தக் கேக்கை வீட்டில் இரண்டாம் துண்டு எடுத்தவர் யாருமில்லை.

சத்துக் குறையும் என்ற கவலையும் வேண்டாம். பூசணியில் உள்ள கரோட்டின் என்னும் சத்து வெப்பத்தில் எளிதில் அழிவதில்லை. நீர் குறைந்திருப்பதால் ஒரே அளவு விழுதில் அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சுவையில் வேறுபாடு இருப்பது உண்மை. டின்னை மூடிய பிறகும் அழுத்த ஆவியில் நெடுநேரம் சூடாக்குவதால் விழுதின் நிறம் மங்கிப் பழுப்பேறி, அளவுக்கு மீறி வெந்த ஒரு வாசனை வந்துவிடுகிறது. வாணலியில் ஐந்தாறு நிமிடம் கிளறினால் அது பெரும்பாலும் போய்விடும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கும் கேக்கிலும் மஃபினிலும் எது டின், எது காய் என்று என் வீட்டில் இதுவரை யாராலும் சொல்ல முடிந்ததில்லை. முட்டையும் பாலும் சேர்ந்து உறைய வேண்டிய பம்ப்கின் பைக்கு நான் எப்போதும் டின்னைத்தான் எடுக்கிறேன். அங்கே தண்ணீர் சற்றுக் கூடினாலும் உறைந்த பூரணம் நீர் விட்டு, அடி மாவு ஊறிப்போகும். ஆனால் மசாலா இல்லாமல், வெண்ணெயும் சர்க்கரையும் பூசணியும் மட்டுமே பேச வேண்டிய எளிய கேக்கிலும், ஈஸ்ட் சேர்த்துச் செய்யும் பிரெட்டிலும், ஓவனில் சுட்ட காயின் மணத்துக்கு ஈடாக டின்னில் எதுவும் இல்லை. மணிக்கட்டு வலித்தாலும் அதற்காக ஒரு காயை வெட்டத் தயங்கமாட்டேன்.

அளவைப் பொறுத்தவரை கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு வந்துவிடு. வழக்கமான டின்னில் 425 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கப் விழுது இருக்கும். மீதமாவதைத் திறந்த டின்னிலேயே விடாமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாட்களுக்குள் பயன்படுத்திவிடு. உப்பியிருக்கும் டின்னைத் திறந்துகூடப் பார்க்காதே.

உன் கடிதத்தில் என் மனத்தை உறுத்திய வரி ஒன்று உண்டு. காய் மலிந்திருக்கும் காலத்தில் விழுதாக அரைத்து, கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, கொதிநீரில் வைத்து மூடி, ஆண்டு முழுவதும் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். தயவு செய்து அதைச் செய்யாதே. பூசணியில் புளிப்பு மிகக் குறைவு. காற்றுப் புகாத புட்டிக்குள் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர அது ஏற்ற இடம். அதன் வித்துகள் கொதிநீரின் சூட்டில் சாவதில்லை. தொழிற்சாலையில் அளவிடப்பட்ட அழுத்தத்தில், கொதிநிலையைவிட அதிகமான சூட்டில் செய்வதை நம் அடுப்பில் கொதிநீர்ப் பாத்திரத்தால் செய்ய முடியாது. விழுது கெட்டியாக இருப்பதால் புட்டியின் நடுவரை சூடு சரியாகச் சென்று சேர்வதுமில்லை. இதனாலேயே அமெரிக்க வேளாண் துறை, வீட்டில் புட்டியில் அடைப்பவர்களுக்குப் பூசணியைத் துண்டுகளாக மட்டும், அதுவும் அதற்கென உள்ள அழுத்தக் கலத்தில் மட்டும் பதப்படுத்தச் சொல்கிறது. மசித்த விழுதை எந்த முறையிலும் புட்டியில் அடைக்கக் கூடாது என்கிறது. நீ விழுதை வடித்து, ஒரு கேக்குக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, தட்டையான பொட்டலங்களாக ஃபிரீசரில் வைத்துவிடு. பல மாதங்கள் நன்றாக இருக்கும். உருகும்போது மீண்டும் கொஞ்சம் நீர் விடும், அதை மட்டும் ஊற்றிவிட்டுப் பயன்படுத்து.

பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாட்கள்தான் இருக்கின்றன. ஓவனும் புதிது, அதன் சூடு எப்படிப்பட்டது என்பதே உனக்கு இன்னும் பழகவில்லை. எனவே பிறந்தநாள் கேக்குக்கு டின்னை வாங்கு. ஒன்று சரியாக வராவிட்டால், அது ஓவனாலா பூசணியாலா என்று குழம்ப வேண்டியிருக்காது. வாங்கி வைத்திருக்கும் காயைக் குளிர்ச்சியான, உலர்ந்த மூலையில் வெட்டாமல் வைத்துவிடு. கெட்டித் தோல் என்றால் அது பொறுமையாக இருக்கும். பேத்தி ஊருக்குப் போன பிறகு, ஆற அமர ஒரு நாள் அதை ஓவனில் சுட்டு, துணியில் வடித்து, அதே கேக்கை மீண்டும் செய். இரண்டையும் வெட்டிப் பார்த்து, நடுப்பகுதி எப்படி இருந்தது, துணிக்கு அடியில் எத்தனை கிராம் தண்ணீர் நின்றது என்று எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி