முந்தின நாள் ராத்திரிக்கு ஒரு பாயசம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஆவணியில் நாகர்கோவிலில் என் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. நகைக்கும் சேலைக்கும் ஆன பேச்சை விட, கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் என்ன இனிப்பு போடுவது என்கிற பேச்சுதான் எங்கள் வீட்டில் அதிக நாள் ஓடியது. அடுத்த முகூர்த்த மாதத்துக்கு இப்போதே மண்டபம் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அந்த ராத்திரியைக் காய்கறி வெட்டு என்போம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்து, மறுநாள் அவியலுக்கும் எரிசேரிக்கும் ஓலனுக்கும் விடிய விடிய நறுக்கிக் கொடுப்பார்கள். இப்போது பாதி வேலையைச் சமையல் ஆட்களே பார்த்துவிடுகிறார்கள் என்றாலும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் வெளியூர் என்றால் அன்றைக்கே வந்து இறங்கிவிடுவார்கள். இரண்டு குடும்பமும் நெருங்கின உறவுகளோடு முதன்முதலாக ஒரே பந்தியில் உட்காருவது அன்றைக்குத்தான், மறுநாள் கூட்டத்தில் யார் முகத்தையும் யாரும் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் அந்த இலையில் விழுகிற இனிப்பைப் பற்றி இவ்வளவு யோசிப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம்.

நாங்கள் முதலில் பேசிய கேட்டரிங்காரர் ருசி பார்க்கக் கூப்பிட்டார். போனோம். சின்னச் சின்னக் கப்பில் ஏழு வகை வைத்தார், ரசமலாய், குலாப் ஜாமூன், கேரட் அல்வா, பிரௌனி, இன்னும் என்னென்னவோ. இது போக ஓர் ஓரத்தில் ஐஸ்கிரீம், நடுவில் சாக்லேட் ஃபவுண்டன், இலைக்கு 90 ரூபாய் கூடுதல் என்றார். மகளுக்கு ஃபவுண்டன் மேல் ஆசை, அவள் தோழிகள் கல்யாணத்தில் எல்லாம் இருந்ததாம். எனக்கும் அவள் ஆசையை மறுக்க மனசில்லை. ஆனால் மூன்றாவது கப்புக்கு மேல் என்ன தின்கிறோம் என்றே நாக்குக்குத் தெரியவில்லை, எல்லாம் ஒரே தித்திப்பு. எழுந்து வரும்போது எது நன்றாக இருந்தது என்று கேட்டால் நாலு பேரும் நாலு பதில் சொன்னோம், ஒருத்தர் பதிலிலும் உறுதி இல்லை.

என்னை யோசிக்க வைத்தது வேறொரு சம்பவம். அதற்கு முந்தின வருஷம் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். முந்தின நாள் ராத்திரி வரவேற்பில் வெளியிலிருந்து வரவழைத்த ரசமலாய். மத்தியானம் இரண்டு மணிக்கே டிரேயில் வந்து இறங்கியது, மண்டபத்தில் அதை வைக்க ஒரு ஃபிரிட்ஜ் கிடையாது, பரிமாறும்போது ராத்திரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஐப்பசிப் புழுக்கம் வேறு. விடியற்காலையில் குழந்தைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் பெரியவர்கள், கடைசியில் கல்யாணப் பெண்ணும். தலை நிற்காமல், அவள் அத்தை பின்னால் தாங்கிப் பிடித்திருக்க, மணவறையில் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பிள்ளை. தாலி கட்டின கையோடு குளூக்கோஸ் ஏற்றக் கூட்டிப் போனார்கள். ஃபோட்டோவில் சிரிக்கிற ஒரு முகம்கூட இல்லை. இப்போதும் அந்த ஆல்பத்தை அவள் எடுத்துப் பார்ப்பதில்லை.

பால் இனிப்பு கெட்டது என்று சொல்லவில்லை. ஐந்து டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுடச்சுடப் பரிமாற வேண்டும், இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகிவிடும். இனிப்புக் கடைகளில் உதிரியாக விற்கிற பலகாரத்துக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் விதி வந்தது. கடையில் அந்தச் சீட்டைப் பார்த்து வாங்குகிறோம். மண்டபத்து மேசையில் அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது? எப்போது செய்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று யாரிடம் கேட்பது?

ஆகவே மகளிடம் உட்கார்ந்து பேசினேன். அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு அவளும் வந்திருந்தாள், அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபவுண்டன் போயிற்று. சரி, அதற்குப் பதில் என்ன? மறுநாள் இலையில் அடைப் பிரதமனும், போளியோடு பால் பாயசமும் எப்படியும் உண்டு, அது இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு ஆகாது. முந்தின நாளும் பிரதமனே போட்டால் மறுநாளைக்குச் சுவை செத்துவிடும். இந்த யோசனையில் இருக்கும்போது சம்பந்தியம்மாள் ஃபோன் பண்ணினார்கள், அவர்கள் திருவையாற்றுக்காரர்கள். நான் விஷயத்தைச் சொன்னதும், "எங்க பக்கம் விசேஷம்னா அசோகாதான் சம்பந்தியம்மா, பாசிப்பருப்பை வேகவெச்சு நெய் விட்டுக் கிண்டுறது. உங்க பக்கம் பாசிப்பருப்புல என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிட்டது. நாங்கள் சிறுபயறு என்கிறோம், அவர்கள் பாசிப்பருப்பு என்கிறார்கள், பருப்பு ஒன்றுதான். சிறுபருப்புப் பாயசம் என்று முடிவானது.

சமையலுக்கும் அந்தக் கேட்டரிங்காரரை விட்டுவிட்டு, எங்கள் தெருவில் எல்லா விசேஷத்துக்கும் வைக்கிற வயசான தவசிப்பிள்ளையையே பிடித்தோம், சமையல்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 250 பேருக்கு 4 கிலோ பருப்பு, 8 கிலோ வெல்லம், 35 தேங்காய் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு உருளி அடுப்பில் ஏறியது. பருப்பைச் சிவக்க விடாமல் வாசம் வருகிற அளவுக்கு வறுத்து, குழைய வேகவைத்து, வெல்லத்தை உருக்கித் துணியில் வடிகட்டி ஊற்றினார், துணியில் ஒரு பிடி மண் நின்றது. தேங்காயின் மூன்றாம் பால், இரண்டாம் பால் எல்லாம் தீயில் கொதித்து இறுகின பிறகு, விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஒண்ணாம் பாலைக் கையில் எடுத்தார். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுக்குப் பொறவு தீ ஆகாது மக்ளே, திரிஞ்சி போவும்" என்று அதுகளுக்குச் சொல்லிக்கொண்டே ஊற்றினார். கடைசியில் சுக்குப் பொடி, ஏலம், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல். காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள், அப்படி ஒரு மணம்.

எட்டு மணிக்குப் பந்தி. பாயசத்தில் பப்படத்தையும் வடசேரி சந்தையில் வாங்கின மட்டிப் பழத்தையும் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் முதலில் திகைத்தார்கள். பாயசத்தில் பப்படமா என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார், அப்புறம் அவரே இரண்டாவது தடவை வாங்கி அதே மாதிரி நொறுக்கிப் போட்டுக்கொண்டார். என் அப்பாவுக்கு 82 வயசு, சர்க்கரை உண்டு. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வந்த பெரிய ஆய்வு சொல்லியிருக்கிறது, ஆகவே எந்தப் பந்தியிலும் அப்பா மாதிரி பலர் இருப்பார்கள். வெல்லம் என்பதால் அவர்களுக்குக் கேடில்லை என்று சொல்ல மாட்டேன், அதுவும் சர்க்கரைதான். ஆனால் ஏழு வகை வரிசையாக இருந்தால் அவர் மனசு ஏழுக்கும் அலையும். ஒன்றே ஒன்று என்பதால் கால் தம்ளரோடு நிறுத்தினார், நிறைவாகவும் எழுந்தார்.

இன்னொரு நன்மை நாங்கள் எதிர்பாராதது. தித்திப்பு எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று சம்பந்தியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். தவசிப்பிள்ளை முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு, மறுநாள் பிரதமனில் ஒரு கிலோ வெல்லத்தைக் குறைத்தார். மறுநாள் விருந்துக்கு அந்த ராத்திரிப் பாயசம்தான் வெள்ளோட்டம் மாதிரி ஆயிற்று.

மண்டபக்காரர்களிடமும் கேட்டரிங்காரர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பால் இனிப்பும் ஐஸ்கிரீமும் போடுவதாக இருந்தால் அதை வைக்கக் குளிர்பெட்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள், செய்த நேரத்தை டிரேயில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பெண் வீட்டாரும் ருசி பார்க்கப் போகும்போது "நல்லா இருக்கு" என்று சொல்வதோடு நிற்காமல், இது எங்கே செய்வது, எத்தனை மணிக்கு வரும், பந்தி வரைக்கும் எதில் இருக்கும் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். கேட்டால் வருத்தப்படுகிற ஆளிடம் பால் இனிப்பே வாங்க வேண்டாம்.

ஆசிரியரிடமும் ஒன்று. மற்ற ஊர்களில் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி இலையில் என்ன இனிப்பு விழும் என்று வாசகர்களைக் கேட்டு, அளவோடும் செய்முறையோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். தையில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை காரைக்குடி. அங்கே கவுனி அரிசி என்கிற கறுப்பரிசியில் இனிப்பு வைப்பார்கள் என்று கேள்வி, 200 பேருக்கு அரிசி எத்தனை படி போட வேண்டும், முந்தின ராத்திரியே ஊற வைக்க வேண்டுமா என்று அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது எழுதினால் எங்கள் தவசிப்பிள்ளையிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்